இருபத்தோரு நிமிடம்

வேலிக் குடிசை,
4 ஜூன் 1967

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். குளிர் வந்துவிட்டது; காலையில் வாளியில் உறைந்து கிடக்கும் தண்ணீரை உடைத்துத்தான் முகம் கழுவ வேண்டியிருக்கிறது. நீயும் பிள்ளைகள் ஐந்து பேரும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவளுக்குக் காது வலி நின்றதா? உன் புருஷன் ஸ்டானுக்கு முதுகு தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. நம் தம்பி லைல் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறான்! ஏழு வருஷமாக, ஆடு தின்னும் காட்டுநாய் உள்ளே வராமல் போட்ட இந்த டிங்கோ வேலியைக் காத்துக்கொண்டு கிடக்கிறேன், ஒரு கிறிஸ்துமஸ் அட்டை போட்டவனில்லை. இப்போது ஒன்றரைப் பக்கம். அக்டோபர் பதினாலாம் தேதி கல்யாணமாம். பெண் பெயர் பாலின், ரொட்டிக்கடைக்காரர் மகளாம். நான்தான் மாப்பிள்ளைத் தோழனாம். மோதிரம் என் பையில் இருக்க வேண்டும், விருந்தில் எழுந்து பேச வேண்டும், கடைசியில் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்ல வேண்டும். "நீ இல்லாம வேற யாருண்ணே?" என்று எழுதியிருக்கிறான். அண்ணே! அந்த ஒரு வார்த்தையைப் பத்துத் தடவை படித்தேன்.

நீ சிரிப்பாய், தெரியும். யாராவது என் பெயரைக் கேட்டால், நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவன் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பள்ளிக்கூட மரத்தடியில் என்னை நிறுத்தி, ஆளுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக்கொண்டு, "எங்க அண்ணன் பேர் சொல்றத வந்து பாருங்கடா" என்று வேடிக்கை காட்டியவன்தானே இவன். நீ துடைப்பத்தோடு ஓடிவந்து அத்தனை பேரையும் விரட்டினாய். அப்போது அவனுக்கு வயசு ஏழு. ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அன்றைக்கே மன்னித்துவிட்டேன் என்றால் பொய். இந்தக் கடிதம் வந்த பிறகுதான் மன்னித்தேன்.

சரியென்று பதில் எழுதிவிட்டேன். ஒரே ஒரு தடவை, ஊர் முன்னால் எழுந்து நின்று, ஒரு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொல்லி முடித்துவிட்டு உட்கார வேண்டும் அக்கா. சிரிக்கட்டும். ஆனால் நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கட்டும். வேறு எதுவும் வேண்டாம் எனக்கு.

பிள்ளைகளுக்கு முத்தம். ஸ்டானைக் கேட்டதாகச் சொல்.

உன்,
கோர்டி

குரிண்டா,
20 ஜூன் 1967

அன்புள்ள கோர்டி,

எல்லோரும் சுகம். சின்னவள் காது சரியாகிவிட்டது, இப்போது பெரியவனுக்கு இருமல். ஸ்டான் குனிந்தால் நிமிர்வதில்லை, நிமிர்ந்தால் குனிவதில்லை. கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. லைலை வழியில் பார்த்தேன். "கோர்டியவா கூப்பிட்ட, என்னடா திடீர்னு?" என்றேன். "ஏன், எங்க அண்ணன நான் கூப்பிடக் கூடாதா?" என்று சிரித்தான். பக்கத்தில் அவன் கால்பந்துக் கிளப் ஆட்கள் நான்கைந்து பேர் நின்றார்கள், அவர்களும் சிரித்தார்கள்.

உனக்குக் கஷ்டமாக இருந்தால் வேண்டாம் என்று எழுதிவிடு தம்பி. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மோதிரத்தை மட்டும் நீ கொடு, பேச்சைக் கிளப் செயலாளர் பேசட்டும்.

ஆனால் வருவதென்றால் வா. அம்மாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நீ ஊர்ப் பக்கம் வரவேயில்லை. உன் முகமே எனக்கு மறந்து போகும் போலிருக்கிறது.

பெண்ணைப் பற்றிக் கேட்பாய். பாலின் நல்ல பிள்ளை. விடியற்காலையில் எழுந்து அப்பாவோடு மாவு பிசைகிறவள். நம் லைலுக்கு அதிகம்தான், என்னைக் கேட்டால்.

உடம்பைப் பார்த்துக்கொள். ரொட்டியையும் ஆட்டுக்கறியையும் மட்டும் தின்னாதே, டப்பாக் காய்கறியாவது சாப்பிடு.

அன்புடன்,
நோலா

வேலிக் குடிசை,
2 ஜூலை 1967

அன்புள்ள அக்கா,

சட்டை வந்தது, கை மட்டும் நீளம். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். பெரியவன் இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் கொடு.

வேண்டாம் என்று எழுதச் சொல்கிறாயா? நல்ல அக்கா நீ! எழுத்தில் எனக்குத் திக்குவதில்லை என்பது உனக்குத் தெரியாதா? பேச்சை எழுதிவிட்டேன். இனி வாயில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் மேஜர் இருக்கிறானே, நாய், அவனிடம் நான் ஒரு தடவை கூடத் திக்கியதில்லை. ஆகவே அவனை உட்கார வைத்து, அவன்தான் ஊர் என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். கொட்டிவிட்டேன் அக்கா, தண்ணீர் மாதிரி! பிறகு அவனை எழுப்பி வேலிப் பக்கம் அனுப்பிவிட்டு, அதே இடத்தில் உன்னை நினைத்துக்கொண்டு சொன்னேன். முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன். பெண் பெயர் வேறு 'ப'வில் தொடங்குகிறது, எனக்கு எமன். மனுஷ முகத்தை நினைத்தாலே தொண்டையில் யாரோ கதவைச் சாத்துகிறார்கள்.

ஆனாலும் விடவில்லை. காலையில் வேலியோரம் வண்டியில் போகும்போது ஒரு தடவை, மதியம் கம்பி முறுக்கும்போது ஒரு தடவை. இன்று அரைப் பக்கம் வரை தடங்கல் இல்லாமல் போனேன், உன் முகத்தை நினைத்துக்கொண்டே.

என்ன சொல்கிறேன் என்று கேள். மாப்பிள்ளையை நாலு வாங்கு வாங்காவிட்டால் அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று ஊர் நினைக்கும், எனக்குத் தெரியாதா? லைல் முதன்முதலாக ஆட்டு மயிர் கத்தரிக்கப் போய், ஆடு ஒரு பார்வை பார்த்ததும் அதனிடம் மன்னிப்புக் கேட்ட கதையைப் போட்டிருக்கிறேன். அப்பாவின் லாரியைக் குளத்துக்குள் ஓட்டிவிட்டு, "தண்ணி காட்டத்தான் கூட்டிட்டுப் போனேன்" என்று சொன்ன கதை. கண்காட்சியில் நீ செய்த கேக்கைத் தன் பெயரில் வைத்துப் பரிசு வாங்கி, நடுவர் எப்படிச் செய்தாய் என்று கேட்டதும், "அடுப்புல" என்ற கதை. அதற்கப்புறம், "ரொட்டிக்கடை வீட்டுக்கே மாப்பிள்ளையாப் போறான், இனிமே கேட்டா அடுப்பையாவது கையக் காட்டுவான்" என்று முடித்து, பாலினுக்கு இரண்டு நல்ல வார்த்தை, கோப்பை, வாழ்த்து. திக்காமல் சொன்னால் நாலு நிமிஷம். எப்படி?

மேஜர் கேக் கதைக்கு வாலாட்டினான். உன் அபிப்பிராயம் எழுது.

உன்,
கோர்டி

குரிண்டா,
28 ஜூலை 1967

அன்புள்ள கோர்டி,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. ஸ்டான் படுத்த படுக்கையாகப் பத்து நாள் கிடந்தான். இப்போது எழுந்து கிளப் வரை நடக்கிறான். வேலைக்குப் போகத்தான் இன்னும் வலிக்கிறதாம்.

பேச்சைப் படித்தேன். சிரித்துச் சிரித்து அடுப்பில் இருந்ததைத் தீய விட்டேன். "அடுப்புல" என்ற இடத்தில் ஸ்டான் கூடச் சிரித்தான், முதுகைப் பிடித்துக்கொண்டு.

ஒன்று சொல்லட்டுமா? கொஞ்சம் சின்னதாக இருக்கிறது. ஊரே கூடியிருக்கும்போது நாலு நிமிஷத்தில் உட்கார்ந்தால், வந்த கடனுக்குப் பேசினான் என்பார்கள். இன்னும் இரண்டு கதை சேர். லைல் தேவாலயத்தில் தூங்கிப் பெஞ்சிலிருந்து விழுந்தானே, அது. பாலினின் அப்பா அம்மாவுக்கும் நன்றி சொல்லு. சமையல் செய்த பெண்களுக்கும் சொல்லு. அவசரமே வேண்டாம், நிதானமாகப் பேசு. வார்த்தை நின்றால் நிற்கட்டும், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பி. யாரும் உன்னைத் துரத்தவில்லை.

முதலில் நான் வேண்டாம் என்று எழுதியதை மறந்துவிடு. நீ பேசத்தான் வேண்டும்.

பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள். குளிரில் வெளியே படுக்காதே.

அன்புடன்,
நோலா

வேலிக் குடிசை,
13 ஆகஸ்ட் 1967

அன்புள்ள அக்கா,

நலம். ஸ்டான் நடக்கிறான் என்று கேட்டு நிம்மதி. இங்கே போன வாரம் ஒட்டகக் கூட்டம் புகுந்து நூறு கஜம் வேலியைப் பிய்த்துவிட்டது. மூன்று நாள் முதுகொடிய வேலை. எனக்கும் ஸ்டான் நோய் வந்துவிடும் போலிருந்தது.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். பெஞ்சிலிருந்து விழுந்தது, நன்றிகள், சமையல் பெண்கள், எல்லாம். ஆறு நிமிஷம் ஆகிறது. அதற்கு மேல் இழுத்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

சந்தோஷ சமாச்சாரம் கேள்! தபால் லாரி ஸ்னோவி போன முறை வந்தபோது, அவன் டீ குடித்து முடிப்பதற்குள் ஆட்டுக் கதையை அவனிடம் சொன்னேன். நாலு இடத்தில்தான் நின்றேன். நாலே நாலு! மனுஷ முகம் அக்கா, நாய் இல்லை. ஸ்னோவி விழுந்து விழுந்து சிரித்தான். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். அவன் போன பிறகு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. இன்று வந்தவன் தபால் பையைக் கொடுத்துவிட்டு என் தோளைத் தட்டி, "பதினாலுண்ணே, மறந்துறாத. ஒரு பதினாலுக்கு இழுத்து விடு" என்று கண்ணடித்தான். என்ன பதினாலு என்றேன். கேட்டு முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான். கல்யாணத் தேதியையா சொன்னான்? இழுத்து விடு என்றால் என்ன? உனக்கு ஏதாவது தெரியுமா?

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்,
கோர்டி

குரிண்டா,
8 செப்டம்பர் 1967

அன்புள்ள கோர்டி,

எல்லாரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போன லாரிக்கு எழுத முடியவில்லை, வீட்டில் ஒரே வேலை. பிள்ளைகளுக்குக் கல்யாணத்துக்குப் போடத் துணி தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்னோவி சொன்னதையெல்லாம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாதே. காலையிலேயே குடிக்கிறவன். தேதியைத்தான் உளறியிருப்பான்.

உனக்கு சூட் தைக்க அளவு அனுப்பு. லைல் வாடகைக்கு எடுத்துத் தருவதாகச் சொல்கிறான், எனக்கு நம்பிக்கையில்லை.

பேச்சை எடுத்து வைத்துக்கொள். நிதானம், நிதானம்.

அன்புடன்,
நோலா

வேலிக் குடிசை,
24 செப்டம்பர் 1967

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். ஸ்னோவி வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான், அவன் கிளம்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். இன்று அவன் நிறையப் பேசினான்.

அளவு பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எட்டாம் தேதி லாரியில் ஏறி வருகிறேன். அதற்கு முன் உன் கடிதம் ஒன்று எனக்குக் கிடைத்துவிடும் இல்லையா?

இரண்டே கேள்வி. ஒன்று, நான் எத்தனை நிமிஷம் பேச வேண்டும் என்று நீ நினைக்கிறாய்? சரியாக ஒரு எண் சொல். இரண்டு, கல்யாணத்தைப் பற்றி நீ என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுது அக்கா. எதுவானாலும் பரவாயில்லை, கோபப்பட மாட்டேன்.

உன்,
கோர்டி

குரிண்டா,
1 அக்டோபர் 1967

அன்புள்ள கோர்டி,

இங்கே யாவரும் சுகம். மழை இல்லை, கல்யாணத்துக்கு நல்லதுதான்.

சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. நீ வந்து சேர், அதுதான் முக்கியம். பின்னறையில் உனக்குப் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன்.

பேச்சு எத்தனை நிமிஷம் என்று கேட்டாய். பதினொன்று சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதற்குக் குறைந்தால் நன்றாயிராது, கூடினாலும் நன்றாயிராது. மண்டபத்துச் சமையல்கட்டுக் கதவுக்கு மேல் கடிகாரம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்.

வழியில் எச்சரிக்கையாக வா.

அன்புடன்,
நோலா

குரிண்டா,
30 அக்டோபர் 1967

அன்புள்ள கோர்டி,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? சாப்பிடுகிறாயா? நாங்கள் நலம்.

விருந்து முடிந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்னோவி லாரியில் ஏறிப் போய்விட்டாய். படுக்கை போட்டது போட்டபடி கிடக்கிறது. வெட்கத்தில் ஓடிவிட்டாய் என்று புரிகிறது. ஐயோ தம்பி, வெட்கப்பட என்ன இருக்கிறது! இருபத்தோரு நிமிஷம் வாய் திறந்தபடி, ஒரு சத்தம் வராமல், கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அது பெற்ற வயிற்றுக்குத் தாங்குமா? நல்ல வேளை, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் கடைசியில் "பாலினுக்கும் லைலுக்கும், எல்லாரும் குடிங்க" என்று ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னாய் பார், ஊரே எழுந்து நின்று கை தட்டியது. அழாத ஆளில்லை. இறைச்சிக்கடைக்காரன் கூட அழுதான்.

எல்லோரும் உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுகிறார்கள். மனசை விடாதே. பதில் எழுது.

அன்புடன்,
நோலா

வேலிக் குடிசை,
19 நவம்பர் 1967

அக்காவுக்கு,

நான் நலம். முன்னெப்போதையும் விட நலம். ஸ்டானுக்கு முதுகு எப்படி என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை.

நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். நான் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன், கேள்.

செப்டம்பர் இருபத்துநாலாம் தேதி ஸ்னோவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் விட்டுவிடாமல் கேட்டேன், பாவம், அவனுக்கு மறைக்கத் தெரியவில்லை. "உனக்குத் தெரியாதாண்ணே? உன் தம்பிதான் பார்ல நின்னு சீட்டு வித்தான். 'எங்க அண்ணன் எந்திரிச்சு நின்னதுலேர்ந்து உக்கார்ற வரைக்கும் எத்தன நிமிஷம்? எடுங்கடா'ன்னான். மூணுலேர்ந்து இருபது வரைக்கும் பதினெட்டுச் சீட்டு. சரியா வந்தவனுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு முழுப் பன்னித்தொட. எனக்குப் பதினாலு வந்துச்சு" என்றான். இதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டானா என்றேன். ஸ்னோவி தரையைப் பார்த்தான். "உங்க அக்கா வீட்டுலயும் ஒரு சீட்டு இருக்குண்ணே, எத்தனன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

லைல் செய்தது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் லைல் லைல்தான். உன் சீட்டு அப்படியில்லை. உடனே உட்கார்ந்து, அவன் டீ ஆறுவதற்குள், உனக்கு அந்த இரண்டு கேள்வியை எழுதினேன். பதினைந்து நாள் வேண்டிக்கொண்டே இருந்தேன். 'உன் இஷ்டம் போலப் பேசு' என்று நீ எழுதியிருந்தால் போதும், நான் சும்மா இருந்திருப்பேன். நீ பதினொன்று என்று எழுதினாய். குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது!

இன்னொன்றும் தெரிந்துகொள். வரும் வழியில் லாரியில் ஸ்னோவியிடம் முழுப் பேச்சையும் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. இரண்டே இடத்தில் நின்றேன். ஆறு நிமிஷம். அந்தப் பேச்சு என் வாயில் தயாராக இருந்தது அக்கா. மண்டபத்தில் எழுந்து நின்றபோதும் தயாராகத்தான் இருந்தது. என் ஆயுசிலேயே நான் ஆசைப்பட்ட ஒரே காரியம், கைக்கு வந்துவிட்டது. ஆனால் நாற்காலியைத் தள்ளி எழுந்ததும் பார்த்தேன், கடிகாரம் பார்க்க ஒவ்வொரு மணிக்கட்டாகத் திரும்பியது. ஸ்டான் கடிகாரத்தைக் கழற்றி மேஜையிலேயே வைத்துவிட்டான். அப்போதுதான் முடிவு செய்தேன்: ஒருத்தனுக்கும் கிடைக்கக் கூடாது.

நான் வாழ்த்துச் சொல்லாமல் யாரும் குடிக்க முடியாது, பாதிரியார் உட்பட. எல்லார் கையிலும் கோப்பை. மூன்றாவது நிமிஷம் கிளப் ஆட்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஆறாவது நிமிஷம் லைல், "வண்டி கிளம்பல, யாராச்சும் தள்ளுங்கப்பா!" என்று கத்தினான், மண்டபமே சிரித்தது. எட்டில் சிரிப்பு நின்றது. ஒன்பதில் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பத்தில் லைலுக்கு முகம் வெளுத்தது. "போதும்ணே, உக்காரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பதினொன்று. மண்டபத்தில் ஒருத்தர் என் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் மேஜைத் துணியைப் பார்த்தார்கள். நீ மட்டும் பார்த்தாய். கடிகாரத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினாய். உட்காரு, உட்காரு என்று. இரண்டு தடவை.

ஒரு பன்றித்தொடைக்காகவா நோலா?

பிறகு எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. இருபத்தோரு நிமிஷம் ஆனதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். முட்டாள்கள்.

கோர்டன்

குரிண்டா,
1 டிசம்பர் 1967

அன்புள்ள கோர்டி,

நாங்கள் நலம், நீ கேட்காவிட்டாலும்.

ஆமாம், சீட்டு இருந்தது. ஸ்டான் எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு ஜூலையிலிருந்தே சம்பளம் இல்லை, உனக்கு அதை எழுதவில்லை. இந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மேஜையில் என்ன வைப்பது என்று தெரியாமல் இருந்தேன். எப்படியும் நீ பேசத்தான் போகிறாய், எப்படியும் யாரோ ஒருத்தன் ஜெயிக்கத்தான் போகிறான், அது என் பிள்ளைகளாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். சொன்னால் நீ வர மாட்டாய். நீ வர வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் நிஜம். நீ எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள். அந்தக் கையசைப்பை நினைத்தால் எனக்கே என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

பன்றித்தொடை யாருக்கும் போகவில்லை. பாலின் அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிளப் வாசலில் நாய்களுக்குப் போட்டாள்.

பாலினைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை, கவனித்தாயா? மூன்றிலிருந்து பதினொன்று வரை நிமிஷம் நிமிஷமாக எழுதினாய். பிறகு ஒரே தாண்டாக இருபத்தொன்றுக்குப் போய்விட்டாய். பன்னிரண்டாவது நிமிஷத்தில் என்ன நடந்தது? நான் சொல்கிறேன். அந்தப் பெண் தன் நாற்காலியை விட்டு எழுந்து, வெள்ளைக் கவுனோடு உன் பக்கத்தில் வந்து நின்று, உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவசரமில்ல, நாங்க எல்லாரும் இருக்கோம். உங்களுக்கு எப்ப வருதோ அப்பச் சொல்லுங்க" என்றாள். எனக்குக் கேட்டது. அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. வாயில் பேச்சைத் தயாராக வைத்துக்கொண்டு, அவளை ஒன்பது நிமிஷம் அப்படியே நிற்க வைத்தாய். அவள் உனக்கு என்ன செய்தாள்? அவள் எந்தச் சீட்டு எடுத்தாள்?

பந்தய விஷயம் அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து லைலோடு பேச்சில்லை. அப்பா வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். "ஒரு மனுஷன் ஒரு வரி சொல்ல உயிரைக் கொடுத்துப் போராடுறார், அதுக்கு இவன் சீட்டு வித்திருக்கான்" என்கிறாள். லைல் தினமும் ரொட்டிக்கடை வாசலில் போய் நின்று அழுகிறான். நான் பார்த்தேன், நடிப்பில்லை. உன் திக்குவாய்க்கு அடிலெய்டில் ஒரு டாக்டர் இருக்கிறாராம், பாலின் விசாரித்து வைத்திருக்கிறாள். உனக்குக் கடிதமும் எழுதியிருக்கிறாள், இதே பையில் வரும்.

நீ திக்கவில்லை, வேண்டுமென்றே நின்றாய் என்று தெரிந்தால் அவள் கீழே இறங்கி வந்துவிடுவாள். கோபம் முழுக்க உன் பக்கம் திரும்பும், ஆனால் குடும்பம் நிற்கும். லைல் செய்தது அயோக்கியத்தனம். அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. அவளுக்கு ஏன் இந்தத் தண்டனை?

என்னை நீ மன்னிக்க வேண்டாம். அவளுக்கு நீயே உண்மையை எழுது. நீ எழுதாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான் போய்ச் சொல்லிவிடுவேன்.

வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் நிறையக் குடி.

நோலா

வேலிக் குடிசை,
3 டிசம்பர் 1967

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதும் அவள் எழுதியதும் சேர்ந்தே வந்தன. ஸ்னோவியை நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். மூன்று குவளை டீ குடித்துவிட்டான், என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.

பாலினுக்கு உண்மையை எழுத உட்கார்ந்தேன். நாலு தாளைக் கிழித்தேன். 'அன்புள்ள பாலினுக்கு' என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை. எனக்கு எழுத்தில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

அவள் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? "கல்யாணத்துல எனக்கு வேற எதுவும் ஞாபகம் இல்ல. உங்க கையப் பிடிச்சிட்டு நின்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. உங்க கை நடுங்கிச்சு. நான் பார்த்ததிலேயே பெரிய தைரியசாலி நீங்கதான்" என்று எழுதியிருக்கிறாள். கை நடுங்கியது நிஜம்தான் அக்கா. பன்னிரண்டாவது நிமிஷத்திலேயே பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டுக்கும் ஒருத்தன் சீட்டு வைத்திருந்தானே. அவன் ஜெயித்துவிடுவான் என்று நின்றேன். அவள் அழுகிறாள் என்று தெரிந்துதான் நின்றேன்.

முப்பத்துநாலு வருஷத்தில் என்னை இப்படி யாரும் சொன்னதில்லை. பொய்தான், தெரியும். லைல் வாசலில் நின்று அழுகிறான் என்றும் தெரியும். அவள் மாடியிலேயே இருந்துவிட்டால் அது என் பாவம் என்றும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். அவளிடம் சொல்லாதே. காலில் விழுந்து கேட்கிறேன், சொல்லாதே. இந்த வேலியோரத்தில் எனக்கு அந்த ஒரு கடிதம்தான் இருக்கிறது.

சம்பளம் இல்லை என்று முன்னாலேயே எழுதியிருக்கலாம் நீ. ஸ்னோவியிடம் அரை ஆடு கொடுத்து அனுப்புகிறேன், பிள்ளைகளுக்கு. வாங்கிக்கொள். வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிரு நோலா. அது உனக்கு நன்றாக வரும்.

உன்,
கோர்டி